மருதமடுவும் அடைக்கல மரபும்

திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்தில் 2022 செப்டம்பர் 14 அன்று 321 வீடுகள் திறந்து வைக்கப்பட்டன. தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி முகாம்களில் நெடுங்காலம் வாழ்ந்துவந்த இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்காகக் கட்டப்பெற்றவை அவை. தொப்பம்பட்டி போன்ற சிற்றூர்களைக் கொண்ட இச்சமவெளியில் வாழும் நமக்கு 'அகதி' என்பது செய்தித்தாளில் மட்டும் படிக்கும் சொல் அன்று. சந்தையில் நம் அருகில் நின்று காய் வாங்குபவரைக் குறிக்கும் சொல். நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு என்ன எழுதலாம் என்று எண்ணியபோது, இம்மக்கள் கடந்து வந்த மன்னார்க் கடலுக்கு அப்பால், காட்டின் நடுவே நிற்கும் ஒரு கோயிலின் வரலாறே நினைவில் முன்வந்து நின்றது. நாடு இரண்டாகப் பிளந்து கிடந்த காலங்களில் ஒரு கிறித்தவச் சமுதாயம் தன் வாயிலை எவ்வாறு திறந்து வைத்தது என்பதற்கு, தமிழ் வழங்கும் நிலத்தில் மடுவைப் போன்ற வேறொரு சான்றை நான் அறியேன்.

மருதமடு என்பது அதன் முழுப்பெயர். மருத மரமும் ஆழ்ந்த நீர்நிலையும் சேர்ந்த பெயர்; கவிஞர்க்கு விளக்கம் வேண்டா. மன்னார் நகருக்குத் தென்கிழக்கே, வன்னிக் காட்டுக்குள் அமைந்த இடம். அக்காட்டுக்குள் கோயில் ஏன் போயிற்று என்பதில்தான் வரலாறு தொடங்குகிறது.

மன்னார்க் கிறித்தவத்தின் முதல் ஏடே குருதியால் எழுதப்பட்டது. 1544-இல் புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற ஏறத்தாழ 600 பேரை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொல்வித்தான். மதவெறி என்று ஒரே சொல்லில் இதை முடித்துவிடுவோர் உண்டு. போர்த்துகீசியரின் சமயத்தைத் தழுவியவர் நாளை போர்த்துகீசியரின் குடிகளாகிவிடுவர் என்ற அரசியல் அச்சமும் அதில் கலந்திருந்தது. இரண்டு அதிகாரங்களுக்கு இடையே அகப்பட்ட எளிய மக்களே மாண்டனர். பின்னர் போர்த்துகீசியர் வென்றனர். யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது. 1658-இல் போர்த்துகீசியரை ஒல்லாந்தர் வென்று மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். ஒல்லாந்தரும் கிறித்தவரே, ஆனால் சீர்திருத்தச் சபையினர். கத்தோலிக்கக் குருக்களை அவர்கள் வெளியேற்றினர். கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் தருவோர்க்கு மரண தண்டனை என்று ஆணையும் பிறப்பித்தனர். அடைக்கலம் தருதல் என்னும் அறச்செயலே குற்றமாக எழுதப்பட்ட காலம் அது.

இந்நிலையில், 1670-ஆம் ஆண்டையொட்டி, மாந்தையில் இருந்த மாதா திருவுருவத்தை எடுத்துக்கொண்டு இருபது குடும்பத்தினர் காட்டுக்குள் நடந்தனர் என்று மடுவின் மரபு கூறுகிறது. கண்டி அரசின் எல்லைப் பக்கமாக, ஒல்லாந்தர் கை எட்டாத இடத்தில் அவர்கள் தங்கினர். யாழ்ப்பாணப் பகுதியிலிருந்து அதற்கு முன்பே வன்னிக்குள் புகுந்திருந்த கிறித்தவர்களும் அங்கு வந்து சேர்ந்தனர் என்பர். எண்ணிக்கையிலும் ஆண்டிலும் மரபுக்கே உரிய நெகிழ்ச்சி இருக்கலாம். எனினும் முதன்மையான செய்தி ஒன்றுண்டு. மடுவில் முதன்முதல் தங்கியவர் குருவும் அல்லர், செல்வரும் அல்லர்; ஓடி வந்தவர்கள். அவர்கள் சுமந்து வந்த திருவுருவமும் இடம்பெயர்ந்து வந்ததே. ஆகவே மடுவில் விருந்தோம்பியவர் அனைவரும் முன்னொரு நாள் தாமே விருந்தினராய் வந்தவர்கள்.

இம்மரபின் உருவாக்கத்தில் யோசேப் வாஸ் அடிகளை மறக்க இயலாது. கோவாவின் பெனவுலிமில் 1651-இல் பிறந்தவர். குருக்கள் இன்றித் தவித்த இலங்கைக் கத்தோலிக்கர்க்காக, கூலியாள் வேடத்தில் 1687-இல் யாழ்ப்பாணம் வந்திறங்கினார். வந்தவுடன் நோய் அவரைச் சாய்த்தது. யாரென்று தெரியாத அந்நிய இரவலனாய்க் கிடந்த அவருக்குக் கஞ்சி கொடுத்து உயிர் காத்தவர்கள் அம்மண்ணின் மக்கள். பின்னர்ச் சில்லாலையில் மறைந்திருந்து பணியாற்றினார். 1692-இல் கண்டிக்குச் சென்றபோது போர்த்துகீசிய ஒற்றன் என ஐயுற்று அவரைச் சிறைப்படுத்தினர். ஒல்லாந்தர் ஆண்ட கரையோரம் ஒருபுறம், கண்டி மன்னன் ஆண்ட மலைநாடு மறுபுறம். இரண்டுக்கும் ஐயத்துக்குரியவராய் அவர் இருந்தார்.

1697-இல் கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னன் நகரை விட்டு நீங்கினான். வசதி உடையோரும் நீங்கினர். நோயுற்றோரைக் காட்டில் கொண்டுபோய் விடும் வழக்கம் அன்று இருந்தது. வாஸ் அடிகளும் அவருடைய உடன்பணியாளர் யோசேப் கர்வாலோவும் அந்நோயாளர்க்குக் குடில்கள் அமைத்தனர். புண்களைக் கழுவினர், உணவூட்டினர், இறந்தோரை அடக்கம் செய்தனர். சமயம் கேட்டுச் செய்த தொண்டு அன்று அது. பெரும்பாலோர் பௌத்தர். அதன் பின்னரே மன்னன் அவருக்குத் தங்குதடையற்ற உரிமை அளித்தான். பத்தாண்டுக்கு முன் யாழ்ப்பாணத்தில் தாம் நோயுற்றுக் கிடந்தபோது ஊற்றப்பட்ட கஞ்சியை அவர் கண்டியில் திருப்பிக் கொடுத்தார் என்று எண்ணுவது என் மனத்துக்கு உவப்பானது. வரலாற்று முடிபாக இதை முன்வைக்கவில்லை. 1711 சனவரி 16 அன்று கண்டியில் அவர் மறைந்தார். நம் வீரமாமுனிவர் மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்த காலமும் அதுவே.

இனி மடுவுக்கு மீள்வோம். ஆங்கிலேயர் ஆட்சியில் தடைகள் நீங்கின. இன்று காணும் பெருங்கோயிலுக்கு யாழ்ப்பாண ஆயர் பொன்சாம் ஆண்டகை 1872-இல் அடிக்கல் நாட்டினார். 1924-இல் திருவுருவத்துக்கு முடி சூட்டப்பட்டது. கட்டடத்தை விட முக்கியமானது அங்கு வளர்ந்த ஒரு வழக்கம். சூலை 2, ஆகத்து 15 ஆகிய திருநாள்களுக்கு மக்கள் பல நாள் முன்னரே பானை, அரிசி, பாய் முதலியவற்றுடன் வண்டி கட்டி வந்து, மரத்தடிகளில் குடிலமைத்துத் தங்கினர். தமிழரும் சிங்களரும் வந்தனர். இந்துக்களும் பௌத்தரும் வந்தனர். பாம்புக்கடிக்கு மருந்தென்று மடு மண்ணை எடுத்துச் சென்றனர். பத்தினித் தெய்வமாகக் கண்ணகியை வணங்கும் சிங்களர்க்கு மாதாவின் கோயில் அந்நியமாகத் தோன்றவில்லை. முன்பின் அறியாதவர் பக்கத்து அடுப்பில் நெருப்பு வாங்குவதும், தண்ணீருக்கு முறை வைப்பதும், பிறமொழியாளர் பிள்ளைக்குத் தன் கஞ்சியில் பங்கிடுவதும் ஆண்டுதோறும் நிகழ்ந்தன. பக்தி நூல்கள் புதுமைகளை எழுதின. இந்தத் தண்ணீர் முறையை எவரும் எழுதவில்லை. பின்னாளில் உயிர் காத்தது இப்பழக்கமே என்பது என் கருத்து.

இங்கே நம்மைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். மடுவில் அடிக்கல் நாட்டிய அதே 1872-இல், திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் புதிய ஆலயம் ஒன்று அர்ச்சிக்கப்பட்டது. இரு சாதியார் ஒருவரையொருவர் காணாது வழிபட, இரு கிளையாகப் பிரித்து நடுவே சுவர் வைத்துக் கட்டிய ஆலயம். அச்சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. ஒரே மொழி, ஒரே திருச்சபை, ஒரே ஆண்டு. ஆகவே தமிழ்க் கிறித்தவம் என்றாலே கொடைமனம் என்று பொதுப்படப் பேசுவதற்கில்லை. எந்த இடத்தில் எந்தப் பழக்கம் வேரூன்றியது என்று பார்த்துப் பேசுவதே வரலாற்றுக்கு நேர்மை.

1990 சூனில் இலங்கையில் போர் மீண்டும் மூண்டது. மன்னார் மாவட்டத்து ஊர்கள் காலியாயின. ஒரு பகுதியினர் தலைமன்னார்க் கரையிலிருந்து படகேறி இராமேசுவரத்தில் இறங்கினர். மண்டபம் முகாம் வழியாகத் தமிழ்நாட்டு மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். மற்றொரு பகுதியினர் மடுவை நோக்கி நடந்தனர். திருநாளுக்கு வருவது போலவே பானையும் பாயும் கொண்டு வந்தனர். ஆனால் திரும்பிப் போகும் நாள் தெரியாது. யாத்திரிகர் தங்கும் விடுதிகளும் மரத்தடிகளும் ஆயிரக்கணக்கானோர்க்கு வீடாயின. மன்னார் மறைமாவட்டத்துக் குருக்களும் துறவியரும் பொறுப்பேற்றனர். ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையரகம் மடுவிலும் பேசாலையிலும் திறந்த நிவாரண மையங்களை நிறுவியது. 'திறந்த' என்னும் அச்சொல் கருதத்தக்கது. வருவோர் வரலாம், போவோர் போகலாம். தத்தம் வயலைப் பார்த்து வரலாம். அச்சம் வந்தால் மீண்டும் உள்ளே வரலாம். போரிட்ட இரு தரப்பும் எழுதாத ஒப்பந்தம் போலப் பெரும்பாலும் இதனை ஏற்றன. உலக நிறுவனம் கொண்டுவந்த ஏற்பாடு அது. அதைத் தாங்கிக்கொள்ளும் மண் அங்கே முந்நூறு ஆண்டுகளாகப் பண்பட்டிருந்தது. மடுவில் அமுதசுரபி ஏதும் இல்லை. அரிசி வரவேண்டும், விறகு பொறுக்கவேண்டும், கிணறு வற்றாமல் பார்க்கவேண்டும், கழிப்பிடம் தோண்டவேண்டும். ஈகை என்பது அங்கே நாள்தோறும் செய்யவேண்டிய உடலுழைப்பு.

இக்கதையில் ஒரு கறையும் உண்டு; மறைத்தல் தகாது. அதே 1990 அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சில நாள்களில் தம் ஊர்களை இழந்தனர். மன்னாரில் தலைமுறை தலைமுறையாக அண்டை வீட்டாராய் இருந்த மக்களும் அவர்களுள் அடங்குவர். காட்டுக்குள் ஒரு வாயில் திறந்திருந்த நாளிலேயே கரையோரத்தில் இந்த வாயில்கள் அடைக்கப்பட்டன. தமிழராகிய நாம் அகதி வாழ்வைப் பாடும்போது இவர்களையும் பாடினோமா என்று கவிஞர்களாகிய உங்களையே கேட்கிறேன்.

அடைக்கலம் உயிருக்கு உறுதி ஆகாது என்பதையும் அவ்வாண்டுகள் காட்டின. 1995 சூலை 9 அன்று யாழ்ப்பாணத்து நவாலியில், புனித பேதுரு ஆலயத்தில் தங்கியிருந்தோர் மீது விமானக் குண்டு விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1999 மார்ச்சில் மடுவை இராணுவம் கைப்பற்றியது. அவ்வாண்டு நவம்பர் 20 அன்று, இருதரப்பும் மோதிய நேரத்தில், கோயில் வளாகத்தில் எறிகணைகள் விழுந்து ஏறத்தாழ 40 பேர் இறந்தனர். பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். எறிந்தவர் யார் என்று இரு தரப்பும் ஒன்றையொன்று சுட்டின. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை இங்கு நினைவுக்கு வருகிறது. கண்ணகியை அடைக்கலமாக ஏற்றவள் இடைக்குல மாதரி. வீடு கொடுத்தாள், சமைக்கக் கலம் கொடுத்தாள், துணைக்குத் தன் மகளைக் கொடுத்தாள். கோவலனைக் காக்க அவளால் முடியவில்லை. அத்துயர் தாங்காது அவள் தீப்புகுந்தாள் என்று காப்பியம் பின்னர்க் கூறும். அடைக்கலம் தந்தவர் சுமக்கும் பாரம் எத்தகையது என்பதை இளங்கோ அறிந்திருந்தார். 1999-இல் மடுவில் பிணங்களை எடுத்து அடக்கம் செய்தவர்களும் அறிந்திருப்பர்.

1992 முதல் மன்னார் ஆயராய் இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை, மடுவை ஆயுதம் புகாத இடமாக விட்டுவைக்குமாறு இரு தரப்பையும் திரும்பத் திரும்ப வேண்டினார். இலங்கைத் திருச்சபைக்குள்ளும் தெற்கின் நோக்கு வேறாகவும் வடக்கின் நோக்கு வேறாகவும் இருந்தன. ஒரே மாதாவை வணங்கியோர் அரசியலில் ஒரே குரலில் பேசவில்லை. 2008 தொடக்கத்தில் போர்முனை கோயிலை நெருங்கியது. ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் குருக்கள் திருவுருவத்தை எடுத்துக்கொண்டு வடக்கே தேவன்பிட்டிக்குச் சென்றனர். மாந்தையிலிருந்து நடந்த அதே திருவுருவம், முந்நூற்று முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் இடம்பெயர்ந்தது. ஆகத்தில் அது மடுவுக்குத் திரும்பியது. சுற்றுப்புறத்து மக்களுள் பலர் அப்போது கிழக்கே முல்லைத்தீவுப் பக்கமாகத் தள்ளப்பட்டுக்கொண்டிருந்தனர். அவர்கள் திரும்ப மே 2009 கழிய வேண்டியிருந்தது, திரும்பாதோர் பலர்.

2015 சனவரி 14 காலையில் கொழும்பில் யோசேப் வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்த திருத்தந்தை பிரான்சிசு, அன்று பிற்பகல் மடுவுக்கு வந்தார். போரில் உறவினரை இழந்த தமிழரும் சிங்களரும் அவர் முன் ஒரே திடலில் அமர்ந்திருந்தனர். இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2021 ஏப்ரல் முதல் நாள் மறைந்தார்.

கடலின் இப்பக்கத்தில் 1984-இல் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகமும், 1990 முதல் இயேசு சபை அகதிகள் பணிக்குழுவும் முகாம்ப் பிள்ளைகளின் கல்வியில் கருத்துச் செலுத்தின. சந்திரகாசன், ஈழத்துத் 'தந்தை செல்வா'வின் மகன். தாம் கிறித்தவராய் இருந்தும், பெரும்பான்மையும் இந்துக்களான ஒரு மக்களுக்குத் தலைவராய் ஏற்கப்பட்டவர் செல்வநாயகம். முகாமில் பிறந்து, நம் கல்லூரிகளில் பயின்று, பட்டம் பெற்ற ஒரு தலைமுறை இன்று இருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டம் இலங்கையிலிருந்து வந்தோரைத் தன் வரம்புக்குள் சேர்க்கவில்லை. தோட்டனூத்தில் 321 குடும்பங்களுக்கு இப்போது கதவும் சாவியும் உள்ள வீடு இருக்கிறது. இந்நாட்டில் பிறந்த அவர்கள் பிள்ளைகளுள் பலர் விண்ணப்பங்களில் 'குடியுரிமை' என்னும் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்துகின்றனர்.