ஆவது அறிந்தோர் யார்?

1996ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை இரவு, எலுவன்குளத்தில் எங்கள் ஒழுங்கை முனையிலிருந்த ஒரு வீட்டு முற்றத்திலே, கார் பற்றரியில் இயங்கிய தொலைக்காட்சிப் பெட்டியொன்றைச் சுற்றி முப்பது நாற்பது பேர் கூடியிருந்தோம். எனக்கு அப்போது எட்டு வயது. லாகூரில் அவுஸ்திரேலியாவை ஏழு விக்கெட்டுகளால் தோற்கடித்து இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றது. பெரியவர்கள் ஒருவரையொருவர் நம்பமுடியாதவர்கள்போல் பார்த்துக்கொண்டது இன்றும் என் நினைவில் உள்ளது.

இன்று அவ்விரவைப்பற்றி ஊரில் எவரைக் கேட்டாலும் ஒரே விடைதான் கிடைக்கின்றது. "இலங்கைதான் வெல்லும் என்று நான் அன்றைக்கே சொன்னேன்." அன்றைக்கே சொன்னவர்கள் இத்தனை பேர் இருந்திருந்தால், அம்முற்றத்தில் அத்தனை வியப்பு எங்கிருந்து வந்தது? வரலாறு கற்பிக்கும் பொழுதெல்லாம் இக்கேள்வி என்னை அலைக்கழிக்கின்றது. நடந்து முடிந்த ஒன்றை, நடந்தேயாக வேண்டியிருந்த ஒன்றாக மாற்றிவிடுவதில் மனிதமனம் வல்லது.

போருக்குப் புறப்படுமுன் பாக்கத்திலே விரிச்சி கேட்டு நிற்றலைத் தொல்காப்பியர் வெட்சித் துறைகளுள் ஒன்றாக வைத்தார். நற்சொல் கேட்டுச் சென்று தோற்றவர்கள் எத்தனை பேரோ! அவர்களைப் பாட எவரும் இருந்திலர். நம் காலத்தில் விரிச்சி சொல்லும் பணியைப் பத்திரிகை நிபுணர்கள் ஏற்றுக்கொண்டுள்ளனர். அவர்களுடைய கணிப்புகள் அச்சில் நிற்பதால், அவற்றைப் பின்னர் சோதிக்க முடிகின்றது என்பது ஒன்றே வேறுபாடு.

அவ்வகைச் சோதனைக்குப் புகழ்பெற்ற உதாரணம் குத்துச்சண்டை உலகிலிருந்து வருவது. 1964 பெப்ரவரி 25ஆம் திகதி மயாமி பீச்சில் உலகக் கனவெடைச் சம்பியன் சொனி லிஸ்டனை, இருபத்திரண்டு வயதுக் காசியஸ் கிளே எதிர்கொண்டார். அங்கு கூடிய விளையாட்டு எழுத்தாளர்கள் 46 பேருள் 43 பேர் லிஸ்டனே வெல்வார் என்றனர். நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை தன் முதன்மைக் குத்துச்சண்டை நிருபரை அனுப்பவில்லை. றொபேட் லிப்சைற் என்னும் இளைஞரை அனுப்பி, சண்டை அரங்கிலிருந்து வைத்தியசாலைக்குச் செல்லும் வழியை முன்கூட்டியே அறிந்துகொள்ளுமாறு பணித்தது. கிளே அங்கேதான் கொண்டுசெல்லப்படுவார் என்பது ஆசிரியபீடத்தின் எண்ணம். ஏழாம் சுற்றுக்கு மணி அடித்தபோது ஆசனத்தைவிட்டு எழாதவர் லிஸ்டன். எட்டாம் சுற்றில் வெல்வேன் என்று ஊரெல்லாம் முழங்கியிருந்த கிளே, சுற்றின் எண்ணில் மட்டுமே பிழைத்தார். சில நாட்களில் அவர் முகம்மது அலி ஆனார். அந்தப் பெயர் பின்னாளில் எங்கள் புத்தளக் கரையிலும் எல்லோருக்கும் பழகிப்போயிற்று.

அந்த 43 பேரையும் மூடர் என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் அவர்கள் கையிலிருந்த ஏடு லிஸ்டனைத்தான் காட்டியது. 1996இல் நம்மவரைப் பொருட்படுத்தாதோர் கையிலும் அத்தகைய ஏடொன்று இருந்தது. 1975 முதல் 1992 வரை நடந்த ஐந்து உலகக் கிண்ணங்களில் இலங்கை வென்ற ஆட்டங்கள் நான்கே நான்கு: 1979இல் இந்தியா, 1983இல் நியூசிலாந்து, 1992இல் சிம்பாப்வேயும் தென்னாபிரிக்காவும். 1975இலும் 1987இலும் ஒன்றுகூட இல்லை. இந்த ஏட்டை வைத்துக்கொண்டு இலங்கைமீது பணம் கட்டியவன் ஏமாளி என்றுதான் எவரும் சொல்லியிருப்பர்.

ஆயினும் இன்னோர் ஏடும் இருந்தது; அதை எடுத்துக் கூட்டிப்பார்த்தவர்கள் மிகச் சிலர். 1995 மார்ச்சில் நேப்பியரில் நியூசிலாந்தை 241 ஓட்டங்களால் வென்று, அந்நிய மண்ணில் தன் முதல் டெஸ்ட் வெற்றியை இலங்கை பெற்றது. சமிந்த வாஸ் பத்து விக்கெட்டுகளைச் சாய்த்தார். அவ்வாண்டு செப்டெம்பரில் பாக்கிஸ்தானில், முதல் டெஸ்டில் இன்னிங்ஸ் தோல்வி கண்ட பின்பும், அடுத்த இரண்டையும் வென்று தொடரைக் கைப்பற்றியது. ஒக்டோபரில் ஷார்ஜாவில் மேற்கிந்தியத் தீவுகளை இறுதியாட்டத்தில் 50 ஓட்டங்களால் வென்றது. 1996 ஜனவரியில் அவுஸ்திரேலிய மண்ணில் நடந்த முத்தரப்புத் தொடரில் மேற்கிந்தியரைப் பின்தள்ளி இறுதிக்கு நுழைந்தது. இவை யாவும் உலகக் கிண்ணம் தொடங்குமுன் நாளிதழ்களில் வெளிவந்த செய்திகள். இரகசியம் எதுவும் இல்லை.

ஏன் எவரும் கூட்டவில்லை? அந்தப் பருவத்தில் இலங்கை அணியைப்பற்றி உலகம் பேசியது வேறொரு செய்தியைத்தான். 1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேர்ணில், கண்டியைச் சேர்ந்த தமிழரான முத்தையா முரளிதரன் பந்தை எறிகின்றார் என்று நடுவர் டரல் ஹெயார் ஏழு முறை நோபோல் அறிவித்தார். மூன்று டெஸ்டுகளிலும் தோல்வி. ஓர் அணியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்ட பின்னர், அது வெல்லக்கூடியது என்று எண்ணிப்பார்க்க எவருக்கு மனம் வரும்? செய்தி இருந்தும் மதிப்பு இல்லாதவிடத்து, செய்தியும் இல்லாததாகிவிடுகின்றது. மயாமியிலும் இதுவே நடந்தது; வாயாடும் கறுப்பு இளைஞன் ஒருவனின் கால்களின் வேகத்தை அளந்து பார்க்க அந்த எழுத்தாளர்களுக்கு விருப்பம் இருந்ததில்லை.

நாட்டின் நிலையோ இன்னும் துயரமானது. 1995 இறுதியில் யாழ்ப்பாணத்து மக்கள் இலட்சக்கணக்கில் வெளியேறிவிட்டிருந்தனர். 1990இல் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள் எங்கள் மாவட்டத்து ஓலைக் கொட்டில்களில் ஆறாம் ஆண்டைக் கழித்துக்கொண்டிருந்தனர். 1996 ஜனவரி 31இல் கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்பில் ஆட மறுத்தன. அவ்விரு ஆட்டங்களின் புள்ளிகளும் இலங்கைக்கே வழங்கப்பட்டன. அந்த நாட்களிலே பெப்ரவரி 13இல் இந்திய, பாக்கிஸ்தான் வீரர்கள் ஓரணியாகக் கொழும்பு வந்து ஆடினர். பகைநாடுகள் எனப்படும் இரண்டின் வீரர்கள் ஒரே அணியாய் நின்ற காட்சி, கிண்ணத்தைக்காட்டிலும் பெரியது என்பது என் கட்சி. அந்த வெற்றியில் நாட்டினர் யாவரும் ஒன்றானோம் என்று பின்னர் எழுதினார்கள். கொட்டிலில் இருந்தவர் மறுநாளும் கொட்டிலில்தான் இருந்தார்.

இனி, உண்மையில் முன்னறிந்தவர் எவருமே இல்லையா? நான் வாயால் சொன்னவர்களைத் தேடுவதை விட்டுவிட்டு, செய்தவர்களைத் தேடுகின்றேன். சொல்லுக்கு விலை இல்லை, செயலுக்கு உண்டு. தொடக்க வீரர் நிதானமாக ஆடி விக்கெட்டைக் காக்க வேண்டும் என்பது அக்கால வேதம். முதல் 15 ஓவர்களில் வெளிவட்டத்தில் இருவரே நிற்கலாம் என்ற விதியைக் கண்டு, சனத் ஜயசூரியவையும் ரொமேஷ் களுவிதாரணவையும் அடித்தாட அனுப்பியது இலங்கை. அந்த 15 ஓவர்களில் இந்தியாவுக்கு எதிராக 117, கென்யாவுக்கு எதிராக 123, இங்கிலாந்துக்கு எதிராக 121 ஓட்டங்கள் குவிந்தன.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். "தொடக்க ஜோடியால் வென்றோம்" என்று ஊரார் இன்று கூறும் விளக்கம் கடைசி இரண்டு ஆட்டங்களுக்குப் பொருந்தவே இல்லை. கல்கத்தா அரையிறுதியில் இருவரும் முதல் ஓவரிலேயே வெளியேறினர். லாகூரிலும் 23 ஓட்டங்களுக்குள் இருவரும் போயினர். இரண்டு முறையும் காத்தவர் அரவிந்த டி சில்வா; இறுதியில் மூன்று விக்கெட்டுகளும் ஆட்டமிழக்காத 107 ஓட்டங்களும் அவருடையவை. அவுஸ்திரேலியா இறுதிக்கு வந்ததே முன்னறியத்தக்கதன்று: மொகாலியில் 208 என்ற இலக்கை நோக்கி இரண்டு விக்கெட்டுகளுக்கு 165 என்று நின்ற மேற்கிந்தியர் 202 ஓட்டங்களில் சுருண்டதால் வாய்த்தது அது.

எனவே ஒரே ஒரு சாட்சியத்தைத்தான் நான் ஏற்கின்றேன். அதுவரை நடந்த ஐந்து இறுதியாட்டங்களிலும் முதலில் துடுப்பெடுத்தாடிய அணியே வென்றிருந்தது. லாகூரில் நாணயச் சுழற்சியில் வென்ற அர்ஜுன ரணதுங்க, அந்த வழக்கத்தை அறிந்தும் எதிரணியைத் துடுப்பெடுத்தாட அழைத்தார். இலக்கைத் துரத்தி அத்தொடரில் மூன்று ஆட்டங்களை வென்றிருந்த தம்மவர்மீது அவர் வைத்த கணக்கு அது. தோற்றிருந்தால் அந்த ஒரு முடிவுக்காகவே ஆயுட்காலம் முழுவதும் ஏசப்பட்டிருப்பார்.

எங்கள் ஒழுங்கையில் "அன்றைக்கே சொன்னேன்" என்போருள் மிக உரத்துச் சொல்பவர் ஒரு மீனவப் பெரியவர். அவரைப்பற்றி என் தாயாரிடம் விசாரித்தேன். இரண்டாவது விக்கெட் விழுந்ததும், "விடிய முன்னம் வலை வைக்கப் போக வேணும்" என்று சொல்லி அவர் எழுந்து போய்ப் படுத்துவிட்டாராம். பட்டாசுச் சத்தம் கேட்டுத்தான் விழித்தாராம்.