கூலி முந்தியதா, இயந்திரம் முந்தியதா?

வரலாறு பயிலும் மாணவருக்கு நான் எப்போதும் முதற்பாடமாகக் கற்பித்து வந்தது அரசர் பெயர் அன்று. போர்க்களத்தின் பெயரும் அன்று. "எது முன்னர் நிகழ்ந்தது? எது பின்னர் நிகழ்ந்தது?" என்னும் வினாவே அந்தப் பாடம். பின்னர் வந்த ஒன்று முன்னர் வந்ததற்குக் காரணமாக இருத்தல் இயலாது. மிக எளிய விதிதான். ஆயினும், உலகில் உரத்த குரலில் பேசப்படும் வாதங்கள் பல இச்சிறு விதியின் முன் நிற்கமாட்டாமல் தளர்ந்து விடுகின்றன. அத்தகைய வாதம் ஒன்றை இன்று நாம் ஆராய்ந்து பார்ப்போம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் துரித உணவகங்கள் மிகப் பல. ரொட்டியின் நடுவே இறைச்சி வைத்த ஹாம்பர்கரும் வறுத்த உருளைக்கிழங்கும் சில நிமிடங்களிலே கைக்கு வந்துவிடும். 2012-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நியூயார்க் நகரத்தில் இவ்வுணவகத் தொழிலாளர் சிலர் வேலையை நிறுத்தி வெளியே வந்தனர். "மணிக்கு 15 டாலர் கூலி வேண்டும்" என்பது அவர்கள் கோரிக்கை. நாடு முழுவதற்குமான சட்டக் கூலி அப்போது மணிக்கு 7.25 டாலர். கோரிக்கை நகரத்துக்கு நகரம் பரவியது. மறுமொழியும் உடனே எழுந்தது: "கூலியை உயர்த்தக் கேட்டால் உங்கள் இடத்தில் இயந்திரம் வந்து நிற்கும்." மெக்டொனால்டு நிறுவனத்தின் அமெரிக்கப் பகுதிக்கு முன்னாளில் தலைவராக இருந்த ஒருவர், மணிக்கு 15 டாலர் கொடுத்து ஆள் வைப்பதைவிட 35,000 டாலருக்கு ஓர் இயந்திரக் கையை வாங்குவது மலிவு என்று 2016-ஆம் ஆண்டில் வெளிப்படையாகவே கூறினார்.

கூலி உயர்வு காரணம், இயந்திரம் விளைவு என்பதே இவ்வாதத்தின் சாரம். இதனை நம் முதற்பாடத்தைக் கொண்டு சோதிப்போம். உணவகத்தில் இயந்திரம் எப்போது புகுந்தது? கூலிச் சட்டம் எப்போது புகுந்தது?

1902-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பிலடெல்பியா நகரத்தின் செஸ்ட்நட் தெருவில், ஜோசப் ஹார்ன், பிராங்க் ஹார்டார்ட் என்னும் இருவர் புதுவிதமான உணவுவிடுதி ஒன்றைத் திறந்தனர். அதன் பெயர் ஆட்டோமாட். இயந்திரச் சாதனங்கள் ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்தவை. பெர்லின் நகரத்தில் இத்தகைய விடுதி 1895-ஆம் ஆண்டிலேயே இருந்தது. பரிமாறுவோர் எவரும் அங்கு இல்லை. சுவர் நெடுகச் சிறு சிறு கண்ணாடிக் கதவுகள். ஒவ்வொரு கதவின் உள்ளேயும் ஓர் உணவுத் தட்டு. துளையில் நாணயத்தை இட்டுக் குமிழைத் திருகினால் கதவு திறக்கும், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். காப்பி வேண்டுமாயின், நாணயம் இட்டதும் டால்பின் மீனின் தலைபோல் வார்த்த குழாய் வழியே அது கோப்பையில் நிறையும். நியூயார்க் நகரத்தில் முதல் ஆட்டோமாட் 1912-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் டைம்ஸ் சதுக்கத்தில் திறக்கப்பட்டது. செல்வரும் ஏழையரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்ட இடமென்று அதற்குப் பெயர் ஏற்பட்டது.

இனிச் சட்டத்தின் தேதிகளைப் பாருங்கள். அமெரிக்க மாநிலங்களுள் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை முதன்முதலாக இயற்றியது மாசசூசெட்ஸ். ஆண்டு 1912. அச்சட்டம் பெண்களுக்கும் சிறார்க்கும் மட்டுமே உரியது. மீறியோரின் பெயரைப் பத்திரிகையில் வெளியிடலாமேயன்றித் தண்டிக்க இயலாது. ஆகவே, பரிமாறுவோர் இல்லாத விடுதி பிலடெல்பியாவில் திறக்கப்பட்டுப் பத்து ஆண்டுகள் சென்ற பின்னரே முதற் சட்டம் பிறந்தது. கூலிச் சட்டத்துக்கு அஞ்சி ஆட்டோமாட் வரவில்லை. அஞ்சுவதற்கு அப்போது சட்டமே இல்லை.

சட்டத்தின் வளர்ச்சியும் எளிதாக நடைபெறவில்லை. 1923-ஆம் ஆண்டில், தலைநகரான வாஷிங்டனில் பெண்களுக்கு விதிக்கப்பட்டிருந்த குறைந்தபட்சக் கூலி அரசியலமைப்புக்கு மாறானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதினான்கு ஆண்டுகள் சென்றன. வாஷிங்டன் மாநிலத்து வெனாச்சி ஊரில், ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்து வந்த எல்சி பாரிஷ் என்னும் பெண்மணி, 48 மணி நேர வாரத்துக்கு 14.50 டாலர் என்று மாநிலம் வகுத்த கூலி தமக்குத் தரப்படவில்லையென வழக்குத் தொடுத்தார். 1937-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஐந்து நீதிபதிகள் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக நின்ற தீர்ப்பில், அவர் வென்றார். பழைய தீர்ப்பு கைவிடப்பட்டது. மறுவருடம், 1938 ஜூன் மாதத்தில், குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் நாடளாவிய தொழிலாளர் சட்டத்தில் கையொப்பமிட்டார். மணிக்கு 25 சென்ட் கூலி. ஆனால் உணவகத் தொழிலாளர் இதன் பாதுகாப்புக்கு வெளியேதான் நின்றனர். 1966-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே அவர்களுள் பெரும்பகுதியினர் உள்ளே வர முடிந்தது.

இந்த இடைக்காலத்தில்தான் இக்கதையின் மிகப் பெரிய திருப்பம் நிகழ்ந்தது. 1948-ஆம் ஆண்டில், கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ ஊரில், ரிச்சர்ட், மாரிஸ் என்னும் மெக்டொனால்டு சகோதரர் இருவர், நன்றாக நடந்துகொண்டிருந்த தங்கள் கடையைச் சில மாதங்கள் மூடிவிட்டனர். கார்களுக்கே உணவைக் கொண்டுவந்து கொடுத்த பெண்களை வேலையிலிருந்து நீக்கினர். உணவு வகைகளை விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைத்தனர். ஹாம்பர்கரின் விலையை 15 சென்ட்டாக்கினர். ஒருவர் இறைச்சி சுடுவார், ஒருவர் ரொட்டியில் வைப்பார், ஒருவர் வறுப்பார், ஒருவர் காகிதத்தில் சுற்றுவார். மோட்டார்த் தொழிற்சாலையின் முறை அடுக்களைக்குள் வந்தது.

அவர்கள் இவ்வாறு செய்தது ஏன்? தேர்ந்த சமையற்காரர் ஓரிடத்தில் நிலையாக இராமல் நல்ல சம்பளம் தேடிப் போய்விட்டனர் என்பது ஒரு காரணம். ஆகவே, கூலியைப் பற்றிய எண்ணம் சகோதரர்க்கு இல்லவே இல்லை என்று சொல்வது பொருந்தாது. ஆயின், நாடளாவிய சட்டம் அப்போது உணவகத்தின் வாயிலை எட்டவில்லை. கலிபோர்னியாவில் பெண்களுக்கும் சிறார்க்கும் மட்டுமே ஒரு மாநில விதி இருந்தது. சகோதரரைத் தூண்டியவை விரைவு, மலிவு, ஆளை எளிதில் மாற்றிக்கொள்ளும் வசதி ஆகிய மூன்றுமே.

மூன்றாவதை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். முழுச் சமையலை அறிந்தவனை மாற்றுவது அரிது. ஒரே செய்கையை நாள் முழுவதும் செய்பவனுக்குப் பதிலாக இன்னொருவனை ஒரு நாளில் பழக்கிவிடலாம். கைத்தொழில் முதலில் துண்டு துண்டாக்கப்படுகிறது. அதன் பிறகே ஒவ்வொரு துண்டையும் இயந்திரத்திடம் ஒப்படைக்க முடிகிறது. தொழிலாளி தம் கூலியை உயர்த்தக் கேட்ட நாளில் இது தொடங்கவில்லை. அவருடைய தொழிலை அறிவு தேவையற்றதாக ஆக்கிய நாளிலேயே தொடங்கிவிட்டது.

ஆட்டோமாட்டின் முடிவும் ஒரு பாடம். 1950-ஆம் ஆண்டு வரையில் ஒரு கோப்பைக் காப்பி 5 சென்ட்டுக்கே கிடைத்தது. விலைவாசி ஏறியது, 5 சென்ட் நாணயத்தை நம்பிய துளைகள் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. மக்கள் புறநகர்களுக்குக் குடிபோயினர். இயந்திரமில்லாத, ஆனால் துண்டு துண்டான உழைப்பை உடைய துரித உணவகங்கள் ஆட்டோமாட்டை வென்றன. அதன் உரிமையாளரே 1970-களில் தம் விடுதிகள் பலவற்றைப் பர்கர் கிங் கடைகளாக மாற்றினர். கடைசி ஆட்டோமாட் 1991-ஆம் ஆண்டு ஏப்ரலில் நியூயார்க்கில் மூடப்பட்டது. இயந்திரம் மனிதனை வென்றே தீரும் என்பது விதியாயின், இங்கு மலிவான மனித உழைப்பு இயந்திரத்தை வென்றது எவ்வாறு?

மேலும், ஆட்டோமாட் உண்மையில் ஆளில்லாத விடுதியும் அன்று. சுவரின் பின்புறத்தே பெண்கள் நின்று காலியான அறைகளில் ஓயாது தட்டுகளை நிரப்பினர். கண்ணாடிக் கூண்டில் அமர்ந்த பெண்கள் நொடிப்பொழுதில் சில்லறை மாற்றித் தந்தனர். தொலைவிலிருந்த பொதுச் சமையற்கூடத்தில் எத்தனையோ பேர் உழைத்தனர். உழைப்பு மறைந்துவிடவில்லை, பார்வைக்குத்தான் மறைந்தது.

ஒரு பக்கத்தை மட்டும் கூறுதல் ஆசிரியனுக்கு அழகன்று. கூலிச் சட்டத்தால் தீங்கு நேர்ந்தவர் ஒருவரும் இல்லையோ எனின், உண்டு. 1923-ஆம் ஆண்டு வழக்கில் சட்டத்தை எதிர்த்தவருள் ஒருவர், ஹோட்டலில் மின்தூக்கி இயக்கி வந்த இருபத்தொரு வயதுப் பெண். மாதம் 35 டாலரும் நாள்தோறும் இருவேளை உணவும் பெற்று வந்த அவர், சட்டம் விதித்த கூலியைத் தர ஹோட்டல் முன்வராமையால் வேலை இழந்தார். அவர் துயரம் மெய்யானது. ஆனால் அக்கதையின் பிற்பகுதியையும் அறிதல் வேண்டும். அச்சட்டம் ஒழிந்தது, மின்தூக்கி இயக்குவோர் தொழிலோ தப்பவில்லை. தானே இயங்கும் மின்தூக்கிகள் 1950-களில் பெருகியதும் அத்தொழிலே அருகிவிட்டது.

பொருளாதார அறிஞர்களும் ஒரே குரலில் பேசவில்லை. 1992-ஆம் ஆண்டு ஏப்ரலில் நியூ ஜெர்சி மாநிலம் கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலருக்கு உயர்த்தியது. டேவிட் கார்ட், ஆலன் குரூகர் ஆகிய இருவரும் அங்கும் அண்டையிலுள்ள கிழக்குப் பென்சில்வேனியாவிலுமாக 410 துரித உணவகங்களை ஆராய்ந்து, வேலைகள் குறையவில்லை என்று 1994-ஆம் ஆண்டில் எழுதினர். கார்டுக்கு 2021-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது. இதனை மறுத்தோரும் உண்டு. கூலி உயரும்போது இயந்திரத்தால் செய்யக்கூடிய வேலைகளில், பயிற்சி குறைந்தோரின் பங்கு சுருங்குகிறது என்று 2018-ஆம் ஆண்டில் லார்டன், நியூமார்க் இருவரும் எழுதினர். கூலி உயர்வு இயந்திரத்தின் நடையைச் சற்று விரைவுபடுத்தலாம் என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை. நடையை விரைவுபடுத்துவது வேறு. வழியையே அமைப்பது வேறு.

அண்மைக் காலத்துத் தேதிகளையும் வரிசைப்படுத்துவோம். ஐரோப்பாவிலுள்ள 7,000 கடைகளில் தொடுதிரைகளை வைக்கப்போவதாக மெக்டொனால்டு நிறுவனம் அறிவித்தது 2011-ஆம் ஆண்டில். நியூயார்க் வேலைநிறுத்தம் 2012-ஆம் ஆண்டில். ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் கூலி உயர்வுதானே என்று நீங்கள் வினவலாம். நல்ல வினா. அதற்கு விடை அமெரிக்காவிலேயே இருக்கிறது. 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து, நாடெங்கும் 60-க்கு மேற்பட்ட கிளைகளுடைய துரித உணவகங்களுக்குக் கலிபோர்னியா 20 டாலர் கூலியை விதித்தது. அவ்வாண்டிலும் டெக்சஸ் மாநிலத்தில் சட்டக் கூலி 7.25 டாலராகவே இருந்தது. ஒரே விதமான தொடுதிரை இரு மாநிலங்களிலும் நின்றது. கூலிதான் அதனை அழைத்தது என்றால், டெக்சஸுக்கு அதனை அழைத்தது யார்? திரையின் முன் நிற்பவர் நிதானமாகப் பார்த்து அதிகமாக வாங்குகிறார் என்று அந்நிறுவனத்தின் தலைவரே 2018-ஆம் ஆண்டில் கூறியிருக்கிறார். ஆகவே, செலவைக் குறைக்க மட்டுமன்றி, விற்பனையைப் பெருக்கவும் இயந்திரம் வருகிறது.

இயந்திரம் வந்த இடமெல்லாம் நிலைத்ததும் இல்லை. இறைச்சி புரட்டும் பிளிப்பி என்னும் இயந்திரக் கை 2018-ஆம் ஆண்டில் பாசடீனா நகரத்துக் கடையில் வைக்கப்பட்டது. கூட்டம் மிகுந்ததால் சில நாட்களிலேயே அதற்கு ஓய்வு தர நேர்ந்தது. ஆட்டோமாட்டின் மறுபிறவிபோல் 2015-ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் தோன்றிய ஈட்சா, 2019-ஆம் ஆண்டில் தன் கடைகளை மூடியது.

மாணவ நண்பர்களே! நாளை நீங்கள் வேலைக்குச் செல்வீர்கள். வேறு சிலர் வேலை கொடுப்போராகவும் ஆவீர்கள். "கூலி கேட்டால் இயந்திரம் வரும்" என்னும் சொல் ஏதேனும் ஒரு வடிவில் உங்கள் செவியில் விழும். கேட்பவராயினும் சொல்பவராயினும் தேதிகளை நினைவிற்கொள்ளுங்கள். கேளாதபோதும் இயந்திரம் வந்தது. கூலி தாழ்ந்திருந்த இடத்திலும் வந்தது. ஆதலின் கூலியை விட்டுக்கொடுத்தவனுக்கு வேலை நிலைக்கும் என்ற உறுதியை வரலாறு எங்கும் அளிக்கவில்லை. அச்சம் ஒருவனை மௌனமாக்கும், வேலையைக் காப்பாற்றாது.

இயந்திரத்தை வெறுப்பது பேதைமை. கொதிக்கும் எண்ணெயின் அருகே நின்று கை சுட்டுக்கொள்பவருக்கு இயந்திரம் துணையாகுமாயின் அது நன்மையே. ஆராய வேண்டிய வினா வேறு. இயந்திரத்தால் மிஞ்சும் ஆதாயம் யாரைச் சேர்கிறது? இடம் இழந்தவருக்குப் புதிய தொழிலைக் கற்பிப்பது யார் பொறுப்பு? இந்த இரண்டு வினாக்களுக்கும் இயந்திரம் விடை கூறாது. சட்டம் இயற்றுவோரும், அவரைத் தேர்ந்தெடுக்கும் குடிமக்களுமே கூற வேண்டும். அக்குடிமக்கள் நாளை நீங்கள்தாம்.