காத்திருப்பின் கணக்கும் வன்னி மண்ணும்

ஒரு நாட்டிலே உழைத்து, அந்நாட்டின் செல்வத்தைப் பெருக்கிய மனிதன், அங்கு நிலையாக வாழும் உரிமையைக் கேட்டு விண்ணப்பம் எழுதுகிறான். விடை வர எத்தனை ஆண்டுகள் ஆகும்? பள்ளிக்கூடத்து வகுத்தற் கணக்கைப் போல இது எளிதாகத் தோன்றும். தனக்கு முன்னே வரிசையில் நிற்போர் எத்தனை பேர். ஆண்டொன்றுக்கு எத்தனை பேருக்கு உரிமை வழங்கப்படுகிறது. முன்னதைப் பின்னதால் வகுத்தால் காத்திருக்கும் காலம் கிடைத்துவிடும்.

இன்று அமெரிக்காவிலே தொழில்வழி நிரந்தர வதிவிட உரிமை கேட்டு நிற்போர் இந்தக் கணக்கைத்தான் ஓயாது போட்டுப் பார்க்கிறார்கள். குடும்பத்தாரையும் சேர்த்து ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1 இலட்சத்து 40 ஆயிரம் பேருக்கே அங்கு இடமுண்டு. அதிலும் எந்த ஒரு நாட்டிற் பிறந்தோரும் பொதுவாக நூற்றுக்கு 7 பங்குக்கு மேற் பெறலாகாது என்பது விதி. ஆதலால் சிறிய நாடொன்றிற் பிறந்தவர் விரைவில் உரிமை பெற, அதே தொழிற்சாலையில் அதே வேலை செய்யும் இந்தியர் பல பத்தாண்டுகள் காத்திருக்கிறார். வகுபடும் எண்ணை மனிதர் எல்லோரும் சேர்ந்து உண்டாக்குகிறார்கள். வகுக்கும் எண்ணையோ அரசு ஒன்றே நிர்ணயிக்கிறது. காத்திருப்பின் இரகசியம் முழுவதும் இந்த இரண்டாவது எண்ணிலேதான் இருக்கிறது.

இந்த உண்மையைக் கற்க நாம் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. கிளிநொச்சியின் பாரதிபுரத்திலும், மலையாளபுரத்திலும், தருமபுரத்திலும், வவுனியாவின் செட்டிக்குளப் பகுதியிலும், முல்லைத்தீவின் காட்டோரக் கிராமங்களிலும் வாழும் மலையகத் தமிழ்க் குடும்பங்களின் சரித்திரமே அதற்குப் போதிய பாடமாகும்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் வதிவிடம் அவனது வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. அவன் குடியிருந்த லயம் தோட்டத்துக்குச் சொந்தம். அவன் பெயர் இருந்த செக்ரோல் துரையின் கந்தோருக்குச் சொந்தம். அவன் இந்நாட்டில் வாழ்ந்தான் என்பதற்குச் சாட்சி சொல்லக்கூடிய கடதாசிகளிற் பெரும்பாலானவை அவன் கையில் இல்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, தந்தை இந்நாட்டிற் பிறந்தமையை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தமையை, அவன் காட்ட வேண்டியதாயிற்று. பிறப்புப் பதிவே அரிதாயிருந்த காலத்து மனிதரின் பிறப்புக்குச் சான்று கேட்ட சட்டம் அது. பல இலட்சம் தொழிலாளர் ஒரே நாளில் நாடற்றோராயினர்.

அடுத்து வந்தது 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். அந்த மசோதாவை முன்னிட்டே வவுனியாத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராயிருந்த சி. சுந்தரலிங்கம் 1948 டிசம்பரில் அமைச்சர் பதவியைத் துறந்தார். ஜீ. ஜீ. பொன்னம்பலமோ அரசாங்கத்தில் இருந்தபடியே மசோதாவுக்கு ஆதரவளித்தார். அதனால் தமிழ்க் காங்கிரஸ் பிளவுண்டு, 1949 இல் தமிழரசுக் கட்சி பிறந்தது.

அச்சட்டம் விதித்த நிபந்தனைகள் யாவை? மணமானவர் 1946 சனவரி 1 ஆம் திகதிக்கு முன் ஏழு ஆண்டுகளும், மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் இந்நாட்டிலே இடைவிடாது வசித்திருக்க வேண்டும். தாயின் மரணத்துக்கென்றோ தங்கையின் திருமணத்துக்கென்றோ ஊர் சென்றவன் ஓராண்டுக்கு மேல் அங்கே தங்கிவிட்டால் 'இடைவிடாமை' அறுந்துபோகும். நிச்சயமான வருமானம் உண்டு என்றும் காட்ட வேண்டும். விண்ணப்பிக்க இரண்டாண்டுத் தவணை. 1951 ஆகஸ்டில் அத்தவணை முடிந்தபோது 2,37,034 விண்ணப்பங்கள் குவிந்திருந்தன. அவற்றில் அடங்கியோர் ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேர்.

இவ்விடத்தில் நமது வகுத்தற் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1951 முதல் 1964 வரை பதின்மூன்று ஆண்டுகளில் உரிமை பெற்றோர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர். ஆண்டொன்றுக்குப் பத்தாயிரத்துச் சொச்சம். இந்த வேகத்தில் விண்ணப்பித்தோர் அனைவருக்கும் உரிமை கிடைக்க எண்பது ஆண்டுகள் வேண்டும்! அரசாங்கம் அத்தனை காலம் காத்திருக்கவில்லை. ஆறு பேரில் ஏறத்தாழ ஐவரை உரிமையில்லாதோராக விட்டு வைத்தது. விண்ணப்பித்தவன் விசாரணைக்கு அழைக்கும் கடிதத்தை எதிர்பார்த்தபடி லயத்திலேயே கிடந்தான். வேறு தோட்டத்துக்கோ வேறு ஊருக்கோ பிழைப்புத் தேடிப் போனால் கடிதம் தவறும். கடிதம் தவறினால் விண்ணப்பம் தவறும். காத்திருப்பு அவனை வேலையோடு கட்டிப்போட்ட இரண்டாவது விலங்கு ஆயிற்று. வாக்குரிமையும் 1949 இலேயே பறிக்கப்பட்டிருந்தமையால், இந்தத் தாமதத்துக்காக அஞ்ச வேண்டிய அரசியல்வாதி எவரும் இருக்கவில்லை.

1964 அக்டோபர் 30 ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்துகொண்டனர். நாடற்றோர் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் எனக் கொள்ளப்பட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு; 3 இலட்சம் பேர் இலங்கைக்கு; எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரின் கதி பின்னர் பேசப்படும். அவர்களை 1974 இல் இரு நாடுகளும் 75 ஆயிரம் வீதம் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. மந்தையைப் பிரிப்பது போல மனிதரைப் பிரித்த இந்தப் பேச்சில் தொழிலாளரின் பிரதிநிதிகளுக்கு இடமளிக்கப்படவில்லை. இடதுசாரி வாசகராகிய நாம் ஓர் உண்மையை மறைக்காது கூற வேண்டும். 1948 இலும் 1949 இலும் இச்சட்டங்களை எதிர்த்து நின்ற லங்கா சமசமாஜக் கட்சி, 1964 ஒப்பந்தம் கைச்சாத்தானபோது அரசாங்கத்தின் பங்காளியாக இருந்தது. நாட்டில் மிகப் பெரிய தொழிலாளர் படையின் தலைவிதி எழுதப்பட்ட வேளையில், தொழிலாளர் கட்சி அரசாங்க ஆசனத்தில் அமர்ந்திருந்தது.

ஒப்பந்தம் தந்த கால எல்லை பதினைந்து ஆண்டுகள். கடதாசியிற் கணக்கு மிக ஒழுங்காக இருந்தது: ஆண்டுக்கு 35 ஆயிரம் பேர் இந்தியா செல்ல, 20 ஆயிரம் பேர் இலங்கைப் பிரஜைகளாவர். ஏழுக்கு நான்கு என்பது விகிதம். ஆனால் இந்த விகிதத்துக்குள்ளே ஒரு கொடிய பொறி இருந்தது. ஏழு பேர் சென்றால்தான் நால்வருக்கு உரிமை. இந்திய பிரஜாவுரிமை பதிவாவதோடு இந்த நான்கை இணைப்பதா, அன்றி அவர்கள் கப்பலேறிப் போவதோடு இணைப்பதா என்பது கொழும்பு அரசியலில் பெரும் வாதமாயிற்று. 1967 இன் அமலாக்கச் சட்டம் முன்னதைக் கொண்டது. 1970 இல் வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கமோ பின்னதற்கு மாற்றியது. இதன் பொருள் என்ன? ஹட்டனிலே ஒருவன் உரிமை பெறும் நாள், பதுளையிலே இன்னொருவன் நாட்டை விட்டுப் போகும் நாளைப் பொறுத்ததாயிற்று. அயலவன் விரைவிற் போகட்டும் என்று ஏழை ஏழையைப் பார்த்து எண்ணும் நிலையைச் சட்டமே உண்டாக்கியது. வர்க்க ஒற்றுமையை உடைக்க இதைவிடச் சிறந்த கருவி வேறு உண்டோ?

போகிறவனுக்கும் காத்திருப்பே கதியாயிருந்தது. இந்தியக் கடவுச்சீட்டு, ஊழியர் சேமலாப நிதி, சேவைக்காலப் பணம் ஆகிய எல்லாம் கைக்கு வந்த பின்னரே பயணம். தலைமன்னார் நோக்கி அவர்களைக் கொண்டு சென்ற புகையிரதத்தை மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். மதவாச்சியிற் பிரிந்து செட்டிக்குளம் வழியாக மன்னாரை நாடும் அப்பாதை வன்னியின் விளிம்பை உரசிக்கொண்டே சென்றது. முற்காலத்தில் அவர்களின் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே கால்நடையாக மலையேறியதும் அப்பக்கமாகவே.

1984 இல் கப்பற் சேவை நின்றுபோன வேளை, உண்மையில் இந்தியா சென்றிருந்தோர், ஒப்பந்தத்தின் பின் பிறந்த பிள்ளைகள் நீங்கலாக, 3 இலட்சத்து 30 ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டோரே. சட்டம் இயங்கத் தொடங்கிய 1968 இலிருந்து பார்த்தால் ஆண்டுக்கு 21 ஆயிரம். திட்டமிட்ட வேகத்தில் ஐந்தில் மூன்று பங்கு. பதினைந்து ஆண்டுகள் என்று மதிப்பிட்ட வேலை, அந்த வேகத்தில் இருபத்தைந்து ஆண்டுகளைத் தின்றிருக்கும்.

காத்திருந்தோர் எல்லோரும் மலைகளிலேயே காத்திருக்கவில்லை. 1970 களின் முற்பகுதியில் இறக்குமதித் தடையால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. வன்னித் தோட்டங்களுக்குக் கைகள் வேண்டியிருந்தன. அதே வேளை 1973–74 உணவு நெருக்கடியில் தோட்டத் தொழிலாளர் பட்டினி கிடந்து, பட்டணத்து வீதிகளுக்குப் பிச்சைக்கு வந்தனர். 1977 ஆகஸ்ட் கலவரம் லயங்களை எரித்தது. அலையலையாக அவர்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்தனர். வவுனியாவைத் தளமாகக் கொண்ட காந்தியம் இயக்கத்தின் மூலம் கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் எஸ். இராஜசுந்தரமும் அவர்களைக் குடியமர்த்த உழைத்தனர். 1983 இல் இருவரும் கைதாயினர். அவ்வாண்டு ஜூலை 27 ஆம் திகதி வெலிக்கடைச் சிறையிலே இராஜசுந்தரம் கொல்லப்பட்டார்.

வன்னி அவர்களுக்கு அடைக்கலம் தந்தது. ஆனால் நிலம் தந்ததா? பிரஜையல்லாதவனுக்கு அரச காணி உத்தரவுப் பத்திரம் இல்லை. காடு வெட்டியவன் அவன். கட்டை பிடுங்கியவன் அவன். சேறு மிதித்தவன் அவன். சட்டத்தின் வாயில் அவன் பெயரோ 'அத்துமீறிக் குடியேறியவன்'. சொந்தத் தமிழ் மண்ணென்று வந்தவனை நமது காணிக்காரர் பலர் குறைந்த கூலிக்கு வைத்துக்கொண்டு, 'தோட்டக்காட்டான்' என்று ஏளனமும் செய்தனர். கொழும்பின் சட்டத்தைக் கண்டிக்கும் நாம், நமது வேலிக்குள் நிகழ்ந்த இந்த அநீதியைப் பேசாது விடுவது நேர்மையாகாது. விண்ணப்பம் ஒரு கந்தோரிலே தூங்கிய ஒவ்வோர் ஆண்டும், வன்னியிலே ஒரு குடும்பம் பிறர் வயலிற் கூலியாகவே கழித்த ஆண்டாகும். காணி பகிரப்பட்ட காலத்தில் கடதாசி இல்லாதவனுக்கு, கடதாசி வந்த காலத்தில் காணி எஞ்சவில்லை.

பிறகு நிகழ்ந்ததுதான் இக்கதையின் மிகப் பெரிய பாடம். இந்தியாவுக்கென ஒதுக்கிய 6 இலட்சம் பேரில் 5 இலட்சத்து 6 ஆயிரம் பேரே விண்ணப்பித்திருந்தனர். எஞ்சிய 94 ஆயிரம் பேரை இலங்கை ஏற்க 1986 இலும் 1988 இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. அப்போதும் நாடற்றோர் தீரவில்லை. 2003 அக்டோபரில் பாராளுமன்றம் ஒரு மனதாக 35 ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. 1964 அக்டோபர் 30 முதல் இந்நாட்டில் வசித்துவரும் இந்திய வம்சாவளியினரும் அவர்தம் சந்ததியாரும் பிரஜைகள் என்றது அச்சட்டம். ஐக்கிய நாடுகளின் அகதிகள் முகவரகமும் தொழிற்சங்கங்களும் கைகோத்து நடத்திய இயக்கத்தில், பத்தே நாட்களில் ஏறத்தாழ 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர் உரிமை பெற்றனர்!

இரு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பதின்மூன்று ஆண்டுகளில் 1 இலட்சத்து 34 ஆயிரம்; பத்து நாட்களில் 1 இலட்சத்து 90 ஆயிரம். இடையிலே இலிகிதர்களின் விரல்கள் வேகம் பெற்றுவிட்டனவா? இல்லை. முன்னைய சட்டம் மனிதனை நம்பாது சான்று கேட்டது. பின்னைய சட்டம் அவனது பிரகடனத்தை ஏற்றது. கோப்பு மலையாகக் குவிந்திருக்கிறது, ஆட்பலம் போதாது, முறைப்படிதான் செய்ய வேண்டும் என்று அரை நூற்றாண்டாகச் சொல்லப்பட்டவை யாவும் சாக்குகளே என்பதை அந்தப் பத்து நாட்கள் நிரூபித்தன. தாமதம் நிர்வாகத்தின் பலவீனம் அல்ல. அது ஒரு கொள்கை.

ஆயினும் கணக்கு இன்னும் முடியவில்லை. போர்க்காலத்தில் வன்னியிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் படகேறித் தமிழ்நாட்டு முகாம்களை அடைந்தோரிடையே மலையக வம்சாவளியினர் பல்லாயிரவர். அவர்களுக்காக இலங்கை 2009 இல் சட்டத்தைத் திருத்தியது. இந்தியாவோ அவர்களைச் 'சட்டவிரோதக் குடியேறிகள்' என்ற சொல்லால் வாசலிலே நிறுத்தியது. அவர்களில் 65 பேர் தொடுத்த வழக்கில், புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றும், மத்திய அரசு பதினாறு வாரங்களில் முடிவு கூற வேண்டும் என்றும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஜூனில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் இறுதியில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டமோ இலங்கையைத் தன் பட்டியலிற் சேர்க்கவில்லை. வன்னியில் எஞ்சியோரிலும் பலர் 2009 வரை இடம்பெயர்ந்து ஓடிய ஓட்டத்தில் கடதாசிகளைத் தொலைத்தனர். பெற்ற உரிமையை மறுபடியும் மெய்ப்பிக்க வேண்டிய நிலை அவர்களுக்கு ஏற்பட்டது.

ஆசிரியர்களே, மாணவர்களே! காத்திருக்கும் காலத்தை மதிப்பிடக் கேட்கும்போது, வரிசையின் நீளத்தை மட்டும் எண்ணாதீர்கள். வகுக்கும் எண்ணை யார் இட்டார், எந்த நன்மைக்காக இட்டார், அதை மாற்ற யாருக்கு வாக்கு இருந்தது என்று கேளுங்கள். கிளிநொச்சிப் பள்ளிகளிலே உங்கள் பக்கத்து வாங்கில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் பாட்டன் வீட்டுத் தகரப் பெட்டியிலே ஒரு பழைய விண்ணப்பப் பிரதியோ, கடவுச்சீட்டோ, பிரஜாவுரிமைச் சான்றிதழோ மங்கிக் கிடக்கலாம். அவற்றின் திகதிகளைக் குறித்து வையுங்கள். விண்ணப்பித்த ஆண்டையும் உரிமை வந்த ஆண்டையும் காணிப் பத்திரம் கிடைத்த ஆண்டையும் ஒரே வரியில் எழுதுங்கள். மூன்றாவது இடம் வெறுமையாயிருந்தால், அதையும் வெறுமையாகவே எழுதுங்கள். நூறு குடும்பத்தின் நூறு வரிகள் ஒன்றுசேர்ந்தால் அது எந்தக் காணிக் கந்தோரும் தள்ளிவிட முடியாத ஒரு மனுவாகும்.