கட்டிலும் கதவும்

கடனாளியிடம் எதனை விட்டுவைப்பது என்ற வினாவில் ஒரு சமூகத்தின் உற்பத்தி உறவுகள் துலக்கமாக வெளிப்படுகின்றன. இலங்கையின் 1889ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 218ஆம் பிரிவை நாம் இந்நோக்கில் வாசிக்கலாம். கடனாளிக்கும் மனைவி மக்களுக்கும் இன்றியமையாத ஆடைகள், கட்டில், படுக்கை, தொழிற்கருவிகள் ஆகியன கைப்பற்றப்படலாகா. உழவனாயின், பிழைப்புக்கு வேண்டியவையென மன்று கருதும் மாடுகளும் அவ்வாறே. கூலியாளின் கூலிக்கும் விலக்குண்டு. இதனை இரக்கம் என்போர் உளர். ஆயின், உறங்கியெழுந்து மறுநாளும் உழைப்பதற்கு ஓர் உடலுக்கு வேண்டியவையே இப்பட்டியலிற் பெரிதும் இடம்பெற்றுள்ளமை மனங்கொள்ளத்தக்கது.

வீடு அப்பட்டியலில் இல்லை. மேலும், உரோமன்-டச்சுச் சட்டத்தின்படி நிலத்தோடு நிலையாகப் பொருத்தப்பட்டது நிலத்தையே சாரும். எனவே பொரளையில் வீடிழக்கும் ஒருவர் கட்டிலைத் தூக்கிச் செல்லலாம். தாமே செய்வித்துப் பொருத்திய கதவைக் கழற்றவியலாது.

அதே பேரரசின் கீழிருந்த இந்தியாவிலோ, 1908ஆம் ஆண்டுக் கோவையின் 60ஆம் பிரிவு சமையற் பாத்திரங்களையும், சமய வழக்கப்படி பெண் கழற்றலாகாத அணிகளையும், உழவர் குடியிருக்கும் வீட்டையும் விலக்கியது. 1875இல் தக்காணத்து உழவர் கடன்பத்திரங்களைக் கொளுத்தியதை ஆட்சியாளர் மறந்திருக்கமாட்டார்.

இலங்கையில் 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், ஈடுவைக்கப்பட்ட ஆதனத்தை நீதிமன்றம் செல்லாமலே, பணிப்பாளர் சபைத் தீர்மானத்தின் மூலம் ஏலமிட வங்கிகளுக்கு அதிகாரமளித்தது. சிறு, நடுத்தர முயற்சியாளர் எழுப்பிய குரலின் பின்னர், 2024இல் அவ்வதிகாரம் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது.