தொப்புள் முடிப்புரை: ஒரு நோயறிவின் வரலாறு

உதிர்ந்த முடி தோலைத் துளைத்து உட்சென்று உண்டாக்கும் சீழ்வழிப் பாதைக்கு, 1880இல் அமெரிக்க மருத்துவர் ஹாட்ஜஸ் ‘பைலோனிடல் சைனஸ்’, அதாவது முடிக்கூட்டுப் புரை, எனப் பெயரிட்டார். புட்டப் பிளவில் மிகுதியாகக் காணப்பட்ட இந்நோய் பிறவிக் குறையே என நெடுங்காலம் நம்பப்பட்டது. அந்நம்பிக்கையின் விலை சிறிதன்று: இரண்டாம் உலகப் போரில் ‘ஜீப் நோய்’ என்றழைக்கப்பட்ட இதனால் மருத்துவமனை சேர்ந்த அமெரிக்க வீரர்கள் பலருக்குத் தசை அகலமாக வெட்டியகற்றப்பட்டு, புண் ஆற மாதங்கள் பிடித்தன.

முடிதிருத்துநரின் விரலிடுக்கிலும் இதே புரை தோன்றுவதும், அதனுள் கிடப்பது வாடிக்கையாளரின் முடியாக இருப்பதும் பிறவிக் கொள்கையைத் தகர்த்த வலுவான சான்றாயின. 1946இல் பேட்டி, ஸ்கார்ஃப் ஆகிய பிரிட்டன் மருத்துவர்கள் இது பின்னர் வந்தடையும் நோயே என வாதிட்டனர். பேட்டி 1956இல் வில்லியம்ஸுடன் இணைந்து தொப்புளில் தோன்றும் புரையையும் விவரித்தார்.

ஆழ்ந்த தொப்புளும் அடர்ந்த வயிற்று முடியும் உடைய இளம் ஆண்களிடமே இது மிகுதி. ஈரமும் ஆடை உராய்வும் முடியை உள்ளே தள்ள, வலியும் நாற்றமுள்ள கசிவும் தொடர்கின்றன. இடுக்கியால் முடிக்கற்றையை உருவியெடுத்து, சுற்றுமுடியை மழித்து, குழியை உலர்வாக வைத்தாலே பலருக்குக் குணமாகிறது. மீண்டும் மீண்டும் வந்தால் மட்டுமே புரையை வெட்டியெடுத்துத் தொப்புளைச் சீரமைக்க வேண்டும்.