பிரேக் கிறீச்சொலி: மலைநாட்டு வாகனங்களில் அதன் காரணமும் பரிகாரமும்

மோட்டார் வாகனத்தின் பிரேக்கை மிதிக்கும்பொழுது சக்கரங்களினிடத்தே பிறக்கும் கிறீச்சொலி, முனகல், அரைப்பொலி முதலிய சப்தங்கள் யாவும் ஒரே பெயரால் வழங்கப்படினும், அவை ஒரே காரணத்தால் விளைவன அல்ல. அவற்றுட் சில கேட்டு மறந்துவிடத் தக்கவை, சில அன்றைக்கே வண்டியைக் கராஜுக்குக் கொண்டுபோகச் சொல்பவை. இவ்விரு வகையையும் பிரித்தறிவதே பரீட்சையின் முதற்படியாகும்.

இலங்கையின் மத்திய மலைநாட்டில், கண்டி–நுவரெலியா வீதியைத் தவலந்தென்னையில் விட்டுப் பிரிந்து தலவாக்கலையை நோக்கிச் செல்லும் வீதியில், தேயிலைத் தோட்டங்களின் நடுவே அமைந்த சிறு பட்டினமாகிய பூண்டுலோயாவில், சமவெளியிற் பெறாத முக்கியத்துவத்தை இவ்விஷயம் பெறுகிறது. டன்சினன், ஷீன், ஹரோ முதலிய தோட்டங்களிலிருந்து இங்கு வந்து சேரும் பாதை எதுவாயினும், அது ஏறும் அல்லது இறங்கும். மட்டமாகக் கிடக்கும் வீதியைத் தேடினால் கடைத்தெருவை விட்டு அதிக தூரம் போகவேண்டியதில்லை, ஏனெனில் அதற்கு அப்பால் அது அநேகமாகக் கிடையாது. கொழுந்து லொறியும், தோட்டத்துச் சனங்களை ஏற்றிவரும் பஸ்ஸும், முச்சக்கர வண்டியும், இன்னும் ஓய்வு பெறாத பழைய மொரிஸ் மைனரும் இப்பாதைகளில் நாள்தோறும் இறங்கியாக வேண்டும்.

இறக்கத்தின் பாரம் எத்தகையது என்பதை ஒரு சிறு கணக்கு விளக்கும். நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் வண்டி 1,000 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தை இழக்கிறது. ஒரு தொன் எடையுள்ள வண்டி 1,000 மீற்றர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 9.8 மெகாஜூல், அதாவது சுமார் 30 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான உஷ்ணம். அதில் ஒரு பங்கை எஞ்சினும் காற்றும் ஏற்றுக்கொள்ளாவிடில், அது முழுவதும் நான்கு சக்கரங்களிலுள்ள சில கிலோ இரும்பின் தலையில் விழும். 2023 ஜனவரி 20 ஆம் திகதி, நானுஓயாவுக்கு அருகே ரதெல்ல குறுக்கு வீதியின் இறக்கத்தில், மாணவர்களை ஏற்றிவந்த பஸ் ஒன்று வேனுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதி ஏழு பேர் மாண்ட விபத்திற்குப் பின், மலைநாட்டு இறக்கங்களைப் பற்றி எவருக்கும் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி, சப்தம் பிறக்கும் விதம். ஒன்றையொன்று உரசும் இரு பரப்புகள் ஒரே சீராக வழுக்கிச் செல்வதில்லை. ஒரு கணம் பற்றுகின்றன, மறுகணம் விடுகின்றன. இந்தப் பற்றுதலும் விடுதலும் விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை நிகழ்ந்து, டிஸ்க்கையோ டிரம்மையோ அதற்கு இயல்பான அதிர்வெண்ணில் அதிரச் செய்யும்போது, வயலினின் வில் தந்தியைப் பேசவைப்பதுபோல, காதைத் துளைக்கும் கிறீச்சொலி எழுகிறது. அதிர்வு விநாடிக்கு ஆயிரத்துக்குக் கீழே இருப்பின் கிறீச்சு முனகலாகத் தடிக்கிறது. இங்கிலாந்தில் எச். ஆர். மில்ஸ் என்பவர் 1938 இல் இதனை ஆராய்ந்து, வேகம் குறையக் குறைய உராய்வு கூடுவதே மூலகாரணம் என்று கருதினார். 1961 இல் ஆர். டி. ஸ்பர், உராய்வு மாறாதிருக்கும்போதுங்கூட, உரசும் பாகம் நிற்கும் கோணத்தினாலேயே அது இறுகியும் நழுவியும் அதிரக்கூடும் என்று காட்டினார். மெக்கானிக்குக்கு இந்த இரண்டாவது கொள்கையே அதிகம் பயன்படும். புதிய பேட் போட்டும் சத்தம் நிற்கவில்லையே என்று வாகன சொந்தக்காரர் அங்கலாய்க்கும் இடங்களிலெல்லாம், கோளாறு பேட்டின் பொருளில் இராமல், அது அமர்ந்திருக்கும் விதத்தில், அதாவது தளர்ந்த கிளிப்பிலோ காய்ந்த பின்னிலோ, இருக்கக் காணலாம்.

பிரேக்கின் சரித்திரத்திலும் மலைப்பாதைக்கு ஓர் இடம் உண்டு. இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைப்பகுதியில், இறக்கத்தில் வண்டியோட்டிகள் பழைய சப்பாத்துத் தோலை மரக்கட்டைப் பிரேக்கில் அறைந்து பயன்படுத்துவதைக் கண்ட ஹெர்பெர்ட் புரூட், அதிலிருந்து உராய்வுப் பட்டைகள் செய்யும் எண்ணங்கொண்டு 1897 இல் தொடங்கிய தொழிலே பின்னர் பெரோடோ என்ற பெயரில் உலகெங்கும் பரவிற்று. பிரெடரிக் லான்செஸ்டர் 1902 இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றபோது, செம்புப் பட்டை இரும்புத் தட்டை உரசி எழுப்பிய சப்தம் சகிக்க முடியாததாயிருந்தது. ஆகவே கிறீச்சொலி டிஸ்க் பிரேக்குடன் கூடவே பிறந்தது எனலாம். கல்நார் கலந்த பட்டைகள் அச்சப்தத்தைப் பெரிதும் அடக்கினவாயினும், அவற்றின் தூசி நுரையீரலுக்குப் புற்றுநோய் விளைப்பது பின்னரே தெரியவந்தது. ஆதலால் பழைய வண்டிகளின் டிரம்மைத் திறந்ததும் வாயாலோ காற்றுக் குழாயாலோ தூசியை ஊதுவது கூடாது. ஈரத் துணியால் துடைத்தெடுத்தலே முறை.

சக்கரத்தைக் கழற்றுமுன், சப்தம் எப்பொழுது வருகிறது, எப்பொழுது நிற்கிறது என்பதைச் சாரதி கவனித்துச் சொன்னாற் பாதி வேலை முடிந்தது. பனி படிந்த காலையில் வண்டியை எடுத்ததும் கேட்டு, நாலைந்து மிதியில் மறைந்துபோகும் கரகரப்பு, இரவின் ஈரத்தில் டிஸ்க்கின்மேல் படிந்த மெல்லிய துரு உதிரும் ஓசையேயன்றி வேறில்லை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பூண்டுலோயாவில் இதைக் கேளாத காலை அரிது, இதற்குப் பரிகாரமும் வேண்டுவதில்லை. ஈரத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்தபடி பல நாள் நிறுத்திய வண்டியில் மாத்திரம், ஷூ டிரம்முடன் ஒட்டிக்கொண்டு, புறப்படும்போது படீரென்று விடுபடும். கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வைப்பது அதைத் தவிர்க்கும்.

மெல்லிய, ஓயாத கிறீச்சொலி வண்டி ஓடும்போதே கேட்டு, பிரேக்கை மிதித்ததும் மாறுமாயின், அது பேட்டில் வைத்துள்ள எச்சரிக்கைத் தகட்டின் குரலாகும்: பேட் ஏறத்தாழ 2 அல்லது 3 மில்லிமீற்றராகத் தேய்ந்ததும் டிஸ்க்கைத் தொடும்படி வேண்டுமென்றே அமைக்கப்பட்ட சிறு இரும்பு நாக்கு அது. இதனைத் தொந்தரவு என்று எண்ணி வளைத்து விடுபவர் உளர். அதைவிடப் பெரிய அறியாமை பிரேக் விஷயத்தில் இல்லை. டிரம் பிரேக்குடைய முச்சக்கர வண்டிகளிலும் பழைய கார்களிலும் இத்தகைய நாக்குப் பொதுவாகக் கிடையாதாகையால், அங்கே ஷூவின் உராய்வுப் பட்டையாகிய லைனரைக் கழற்றிப் பார்த்தே அறியவேண்டும். எச்சரிக்கையை மதியாமல் ஓட்டினால் அடுத்து வருவது இரும்போடு இரும்பு அரைபடும் முரட்டொலி. அதைக் கேட்டபின் இறக்கத்தில் வண்டியை இறக்கலாகாது.

தோட்டப் பாதைகளின் கப்பிக்கல்லால் வரும் சப்தம் தனி வகையானது. சிறு கல் ஒன்று டிஸ்க்குக்கும் அதன் தூசித் தகட்டுக்கும் இடையே சிக்கிக்கொண்டால், பிரேக்கை மிதித்தாலும் மிதியாவிட்டாலும் தகரத்தைச் சுரண்டுவதுபோன்ற சப்தம் சக்கரத்தோடு சுற்றிச் சுற்றி வரும். வண்டியைச் சிறிது தூரம் பின்னோக்கி ஓட்டினால் அநேகமாகக் கல் விழுந்துவிடும். எந்தச் சக்கரம் என்பதை அறியவும் மலைநாட்டில் ஓர் எளிய உபாயம் உண்டு: கண்ணாடியை இறக்கிவிட்டு, மண்மேடு அல்லது கல்மதில் ஒட்டிய வீதியோரமாக மெல்ல ஓட்டினால், அந்தப் பக்கத்துச் சக்கரத்தின் ஓசை மேட்டில் பட்டுத் தெளிவாகத் திரும்பி வரும்; திரும்பி வருகையில் மறுபக்கத்தைக் கேட்கலாம்.

நிற்கப்போகும் தறுவாயில் எழும் ‘கிறீக், கிறீக்’ என்ற இழுப்பொலியே கண்டுபிடிக்கச் சிறிது கடினமானது. எஞ்சினை நிறுத்தி, நின்ற வண்டியிற் பெடலை மிதித்து, சப்தம் காலடியிலிருந்து வருகிறதா பின்சக்கரத்திலிருந்து வருகிறதா என்று இன்னொருவரைக் கேட்கச் செய்யவேண்டும். காலடியிலிருந்து வந்தால் பெடலின் புஷ் காய்ந்திருக்கிறது, ஒரு துளி கிரீஸோடு விஷயம் முடிந்தது. பின்சக்கரத்திலிருந்து வருமாயின் டிரம்மைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை. திறந்ததும் கருந்தூசி தெரியும். நல்ல லைனர் மங்கிய சாம்பல் நிறமாய் விரலுக்குச் சொரசொரப்பாயிருக்கும். நெடிய இறக்கத்தில் சுட்டு இறுகிய லைனரோ கறுத்துப் பளபளக்கும், நகத்தால் கீறினால் நகம் வழுக்கிப் போகும். ஸ்பிரிங்குகளைக் கழற்றி ஷூவை எடுத்துவிட்டுப் பின்தட்டைப் பார்த்தால், ஷூவின் இரும்பு விளிம்பு தங்கி நகர்வதற்கென்று சற்று மேடாக அமைத்த சில இடங்கள் உண்டு. கிரீஸ் காய்ந்து, விளிம்பு உராய்ந்து, அம்மேடுகளில் சிறு பள்ளம் விழுந்திருப்பின், ஷூ அப்பள்ளத்தில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் கிறீக்கென்று முனகும். அனுபவமுள்ள கராஜ் பாஸ்மார் லைனரைத் தொடுமுன் இந்த மேடுகளைத்தான் பார்ப்பார்கள்.

பரிகாரங்கள் பெரும்பாலும் எளியவை. பளபளப்பு ஏறிய லைனரை முரட்டு எமரித்தாளால் தேய்த்துப் புதிய பரப்பை வெளிப்படுத்தலாம்; உஷ்ணத்தால் வெடித்திருப்பின் மாற்றியே ஆகவேண்டும். பேட்டின் முன்பின் விளிம்புகளைச் சாய்வாக அராவிவிடுவதும், பின்புறத் தகட்டுக்கு மெல்லிய ஷிம் வைப்பதும், ஸ்பர் காட்டிய கோணக் கோளாற்றையே வேறு வழியிற் சரிசெய்வனவாகும். பின்தட்டின் மேடுகளுக்கும் பேட்டின் முதுகுக்கும் உயர்ந்த உஷ்ணம் தாங்கும் பிரேக் கிரீஸும், ரப்பர் உறையுள்ள கெலிப்பர் பின்களுக்கு சிலிகோன் கிரீஸும் மிகச் சொற்பமாகப் பூசவேண்டும். உராயும் பரப்பில் ஒரு துளியேனும் படக்கூடாது. வீல் சிலிண்டரின் ரப்பர் உறையைச் சிறிது தூக்கிப் பார்க்கும்போது உள்ளே ஈரமிருந்தால், கசிவு லைனரில் ஊறியிருக்கும். அப்போது சிலிண்டரையும், அந்த அச்சின் இரு பக்கத்து லைனர்களையும் சேர்த்தே மாற்றவேண்டும், ஒரு பக்கத்தை மாத்திரம் மாற்றினால் வண்டி ஒருபுறமாக இழுக்கும். டிஸ்க் எவ்வளவு தேயலாம் என்ற குறைந்தபட்சத் தடிப்பு பெரும்பாலும் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

சப்தத்தை அடக்குவதற்காக எஞ்சின் ஒயில், மண்ணெண்ணெய் முதலியவற்றை டிரம்முக்குள் விடும் வழக்கம் முற்றிலும் கண்டிக்கத்தக்கது. அதனால் சப்தம் நிற்பது மெய். பிரேக்கும் அதனோடு நின்றுவிடுகிறது.

பேட் வாங்குகையிலும் மலைநாட்டார் சமவெளிக்காரரைப் பின்பற்ற வேண்டுவதில்லை. உலோகத் துகள் கலந்த பேட் சற்றே சப்தமிடும், ஆனால் உஷ்ணம் தாங்கும். மென்மையான கூட்டுப்பொருட் பேட் அமைதியாயிருக்கும், நீண்ட இறக்கத்தில் விரைவிற் பளபளப்பேறிப் பிடிப்பிழக்கும். பூண்டுலோயாவில் ஓடும் வண்டிக்கு முதலாவதே உகந்தது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. எதுவாயினும், புதிதாய்ப் போட்டதும் ஓரளவு மட்டமான இடத்தில் சுமார் 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து முற்றும் நிறுத்தாமல் வேகத்தைக் குறைத்து, இடையிடையே ஆறவிட்டு, பத்துத் தடவையளவில் பழக்கியெடுத்தல் வேண்டும். இதைச் செய்யாமல் முதற்பயணமாகவே பெரிய இறக்கத்தில் இறங்குவதாலேயே பல புதிய பேட்கள் அன்றே கிறீச்சிடத் தொடங்குகின்றன.

சப்தமிடும் பிரேக்கைவிடச் சப்தமிடாமல் தளரும் பிரேக்கே மலைப்பாதையில் அதிக அபாயகரமானது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 வகையின் கொதிநிலை புதிதில் 205 பாகை செல்சியஸாகவும், ஈரம் ஏறியபின் 140 பாகையாகவும், டொட் 4 வகையில் முறையே 230, 155 பாகைகளாகவும் இருக்கவேண்டும் என்பது விதி. கொதித்த ஒயிலில் நீராவிக் குமிழிகள் உண்டாகிப் பெடல் வெறுமையாய் உள்ளே போகும். ஆதலால் மழையும் மூடுபனியும் மிகுந்த இப்பிரதேசத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையேனும் ஒயிலை மாற்றுவது அவசியம். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அந்தக் கியரிலேயே இறங்குவது என்ற பழைய சாரதிகளின் வழக்கத்தைக் கைக்கொண்டால் பிரேக்கின் பாரம் பெரிதும் குறையும், லைனரும் பளபளப்பேறாது.

இறங்கும் வழியில் கருகல் வாடை வந்து, அதுவரை கேட்ட கிறீச்சொலி தானாக நின்று, பெடலும் பிடிப்பில்லாமற் போவதுபோலத் தோன்றினால், குறைந்த கியருக்கு மாற்றி, பாதுகாப்பான முதல் இடத்தில் வண்டியை ஒதுக்கி நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்து, தானாக ஆறும்வரை காத்திருக்கவேண்டும். சுட்ட டிரம்மின்மீதும் டிஸ்க்கின்மீதும் தண்ணீர் ஊற்றக்கூடாது, வார்ப்பிரும்பு வெடிக்கும்.