பச்சை இலையின் செவ்வொளி

இலை பச்சை என்பது குழந்தைக்கும் தெரியும். அது தானாகச் சிவப்பு ஒளி வீசுகிறது என்றால் யார் நம்புவார்கள்? வாங்கிய வெயிலில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கைத்தான் இலை இப்படி வெளிவிடுகிறது. பகல் வெளிச்சத்தில் அது கண்ணுக்குப் புலப்படாது.

முதலில் கண்டு சொன்னவர் டேவிட் புரூஸ்டர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். குழந்தைகள் திருப்பித் திருப்பிப் பார்க்கும் கலைடாஸ்கோப்பும் அவர் செய்ததுதான். லாரல் இலைகளைச் சாராயத்தில் ஊற வைத்து, அந்தப் பச்சைச் சாற்றில் சூரிய கிரணத்தைச் செலுத்தினார். உள்ளே போன கிரணம் இரத்தச் சிவப்பாகத் தெரிந்தது. 1834-ல் இதை வெளியிட்டார். காரணம் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. ஒளி நிறம் மாறி வெளிவருகிறது என்று 1852-ல் விளக்கி, 'புளோரசன்ஸ்' என்று பெயர் சூட்டியவர் ஸ்டோக்ஸ். 1931-ல் ஜெர்மனியில் ஹான்ஸ் கௌட்ஸ்கி, இருட்டில் வைத்திருந்த இலையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததும் செவ்வொளி ஓங்கி, பிறகு தணிவதைக் கண்டார். இலை உணவு தயாரிக்கும் வேலையோடு அதற்குச் சம்பந்தம் இருந்தது. மழை பொய்த்த வயலில் பயிர் மஞ்சளாகுமுன்பே இந்த ஒளி குறையக்கூடும். விவசாயிக்கு இது லேசான விஷயமா?

ஆனால் காடு முழுவதையும் எப்படி அளப்பது? வழியை வைத்துவிட்டுப் போனவர், மியூனிக் நகரில் ஒரு கண்ணாடிப் பட்டறையில் எடுபிடியாக இருந்த அநாதைச் சிறுவர், யோசப் பிரவுன்ஹோபர். 1801-ல் வீடு இடிந்து விழுந்தது. இடிபாட்டிலிருந்து உயிரோடு மீண்ட 14 வயதுப் பையனுக்கு, பவேரியாவை ஆண்ட மாக்ஸிமிலியனே பண உதவி செய்தார். கதையில் எழுதினால் பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்! அந்தப் பையன் வளர்ந்து, 1814-ல் சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது, வர்ணங்களுக்கிடையே நூற்றுக்கணக்கான கறுப்புக் கோடுகளைக் கண்டார். சூரியனிடமிருந்தே வெகு குறைவாக வரும் நிறங்கள் அவை.

இலையில் பட்டுத் திரும்பும் வெயிலிலும் அந்தக் கோடுகள் அதே கறுப்பாகத்தான் இருக்கவேண்டும். இலை தன் ஒளியையும் சேர்க்கும்போது கறுப்பு சற்றே வெளுக்கிறது. எவ்வளவு வெளுத்தது என்று அளந்தால் போதும்.

2009 ஜனவரியில் ஜப்பான் அனுப்பிய 'இபுகி' செயற்கைக்கோள், கரியமில வாயுவை அளக்கப் போனது. அதன் கருவி அந்தக் கோடுகளைப் பிரித்தறியும் அளவுக்கு நுட்பமாக அமைந்திருந்தது. 2011-ல் விஞ்ஞானிகள் அந்தப் பதிவுகளைக் கொண்டே உலகத்தின் செவ்வொளிப் படத்தை வரைந்தார்கள். பிறகு வேறொரு செயற்கைக்கோளின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் 2014-ல் சொன்னார்கள்: கோடை உச்சத்தில் அமெரிக்க மக்காச்சோள வயல்கள் அமேசான் காட்டையும் மிஞ்சி ஒளிர்கின்றனவாம்.

வடதேசத்துப் பைன் காடுகள் பனிக்காலத்திலும் பச்சையாகவே நிற்கின்றன. பச்சையை மட்டும் அளக்கும் கருவிக்கு அங்கே பெரிய மாறுதல் தெரியாது. செவ்வொளியோ குளிரில் அடங்கி, வசந்தம் வந்ததும், ஊசியிலையின் நிறம் மாறாமலே, மறுபடியும் ஏறுகிறது.